குளிர்பெட்டியின் முதுகுப்பக்கம்

"பெட்டி கூலிங் எடுக்கல, கேஸ் தீர்ந்துபோச்சு போல, வந்து கொஞ்சம் போட்டுட்டுப் போங்க." கடலூரில் கடை வைத்திருப்பவர்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பங்குனி பிறந்துவிட்டால் காலை ஆறு மணிக்கே வரும்.

முதலில் இதைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். குளிர்பெட்டியில் கேஸ் தீராது. அது எரிந்து கரையும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் கம்ப்ரசர் தள்ளத் தள்ள அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர் அடுத்த மாதமும் வருவார், பணமும் வாங்குவார். இன்னொன்று, கூலிங் குறைந்த பெட்டிகளில் பாதிக்கு மேல் கேஸ் சரியாகவே இருக்கும். பெட்டி தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். அந்தத் திணறலுக்கான செலவு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கரண்ட் பில்லாக வரும்.

ஐடிஐயில் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து திருப்பாதிரிப்புலியூரில் இருந்துகொண்டு இந்த வேலைதான் பார்க்கிறேன். பால் பூத், மளிகைக் கடை, ஐஸ்கிரீம் பார்லர், முதுநகர் மீன் கம்பெனிகளின் கோல்ட் ரூம், புதுச்சேரி பேக்கரிகளின் கேக் ஷோகேஸ் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லா இடத்திலும் கடைக்காரர் பெட்டியின் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார். கண்ணாடி பளபளவென்று இருக்கும், விளக்கு எரியும், பாட்டில்கள் அடுக்காக நிற்கும். கரண்ட் வீணாவது முதுகுப்பக்கத்தில்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். நம் ஊர்க்காரர்களுக்குப் படகை வைத்தே சொல்லிவிடலாம். ஓட்டைப் படகில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், ஒருவர் உட்கார்ந்து இறைத்துக்கொண்டே இருப்பார். கதவு ரப்பரும் கண்ணாடியும் கதவைத் திறப்பதும்தான் ஓட்டை, இறைக்கிறவர் கம்ப்ரசர். இறைத்த தண்ணீரைக் கொட்டும் இடம் கண்டென்சர். கொட்டும் இடம் அடைத்துக்கொண்டால் இறைக்கிறவர் எவ்வளவு பலசாலியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

போன கோடையில் மஞ்சக்குப்பத்தில் ஒரு மளிகைக் கடை. கடையை நடத்துகிற அக்கா எனக்குப் பல வருடப் பழக்கம். "தம்பி, இந்தப் பெட்டி ராத்திரி பகல் ஓடிக்கிட்டே இருக்கு. தயிர் புளிச்சுப்போவுது. கேஸ் போட்டுக் கொடுத்துடு" என்றார். பெட்டி ஒரு மூலையில் நின்றது. ஒரு பக்கம் அரிசி மூட்டை, இன்னொரு பக்கம் எண்ணெய் டின், பின்னால் சுவரோடு ஒட்டி நாலைந்து காலி பிஸ்கட் அட்டைப்பெட்டி. இடத்தை வீணாக்கக் கூடாது என்று சொருகி வைத்தது.

மூட்டைகளை நகர்த்திப் பெட்டியை வெளியே இழுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கீழே இருந்த கம்பித் தடுப்பைக் கழற்றினேன். கண்டென்சரில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக நிற்கும், நடுவே காற்று போக வேண்டும். அங்கே தகடே தெரியவில்லை. மாவுத் தூசி, மிளகாய் மூட்டைத் தும்பு, தலைமுடி, கரப்பான் முட்டை எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி ஒரே விரிப்பாகப் படிந்திருந்தது. விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. அக்கா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா தம்பி மூச்சு முட்டிக்கிட்டு இருந்துச்சு?"

மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, தகடு மடங்காமல் தேய்த்தேன். அப்புறம் புளோயரால் ஊதினேன். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். அட்டைப்பெட்டிகள் பரணுக்குப் போயின. சுத்தம் செய்வதற்கு முன், ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரில் 2.6 ஆம்பியர் காட்டியது, அப்புறம் 2.1க்கு இறங்கியது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. டீ குடித்து முடிப்பதற்குள் 'டக்' என்று கம்ப்ரசர் கட் ஆகி நின்றது. எத்தனையோ நாளாக நிற்காமல் ஓடிய கம்ப்ரசர் அது. ஒரு சொட்டு கேஸ் போடவில்லை.

இதன் கணக்கை எங்கள் தொழிலில் எல்லோரும் அறிவார்கள். கண்டென்சரின் வெப்பநிலை 1 டிகிரி ஏறினால் கரண்ட் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும். தூசி அடைத்து, சுவரோடு ஒட்டி, வெயில் விழும் இடத்தில் நிற்கிற பெட்டியில் 10 டிகிரி ஏறுவது சர்வசாதாரணம். அப்படியென்றால் கால் பங்கு கரண்ட் வீண். உள்பக்கமும் இதே கணக்குதான். தேவைக்கு மேல் 1 டிகிரி குளிரவைத்தாலும் அதே 2, 3 சதவீதம். ஐஸ்கிரீமுக்கு மைனஸ் 18 போதும். பாலுக்கு 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் போதும். ஆனால் தெர்மோஸ்டாட் குமிழை யாரோ ஒருநாள் கடைசி எண்ணுக்குத் திருகியிருப்பார், அது அங்கேயே நிற்கும். நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு சின்னத் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. உள்ளே தொங்கவிட்டு, பார்த்துக் குமிழைத் திருப்பினால் ஆயிற்று. எண்ணைப் பார்த்துத் திருப்பாதீர்கள், குமிழில் இருக்கும் எண் டிகிரி இல்லை.

பில்லைப் பார்த்து எந்தப் பெட்டி எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. விளக்கு, பேன், மாவு மெஷின் எல்லாம் ஒரே எண்ணில் வந்துவிடும். அதனால் பிளக்கில் சொருகி அளக்கும் யூனிட் மீட்டர் ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு நாள் முழுக்கச் சொருகி விட்டுவிட்டு வந்தால் உண்மை தெரிந்துவிடும். கணக்குப் போட வசதியாக ஒரு விசி கூலர், அதாவது கண்ணாடிக் கதவு வைத்த கூல்டிரிங்ஸ் பெட்டி, ஒரு நாளைக்கு 4 யூனிட் இழுக்கிறது, யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,460 யூனிட், 14,600 ரூபாய். பத்து வருடம் ஓடினால் ஒன்றரை லட்சத்தைத் தொடும். பெட்டி வாங்கும்போது இரண்டாயிரம் ரூபாய்க்காக அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். இந்த ஒன்றரை லட்சத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

இலவசப் பெட்டிகளில் இது இன்னும் மோசம். கூல்டிரிங்ஸ், ஐஸ்கிரீம் கம்பெனிகள் கடைகளுக்குப் பெட்டியைக் கொடுத்து வைக்கின்றன. எந்தக் கம்பெனி என்பது இங்கே விஷயமில்லை, வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். பெட்டியைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், கரண்ட் கட்டுபவர் இன்னொருவர். கம்பெனிக்கு வேண்டியது தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் பெரிய கண்ணாடியும் மேலே எரியும் போர்டும். கம்ப்ரசர் எவ்வளவு இழுக்கிறது என்பது அவர்கள் பில்லில் வராது. பெட்டி கொண்டுவரும் ஆளிடம் மூன்று கேள்வி கேளுங்கள் என்று நான் கடைக்காரர்களிடம் சொல்வதுண்டு. உள்ளே எல்இடியா, பழைய டியூப் லைட்டா? என்ன கேஸ்? நாளைக்கு எத்தனை யூனிட்? பெட்டியின் முதுகிலோ உள்சுவரிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே பாதி பதில் இருக்கும். டீப் பிரீசருக்கும் இப்போது ஸ்டார் லேபிள் உண்டு. வீட்டு பிரிட்ஜ் வாங்கும்போது ஸ்டாரை எண்ணுகிறவர்கள் கடைக்கு வாங்கும்போது ஏன் எண்ணக் கூடாது?

ராத்திரியில் பெட்டியை அணைக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பாட்டில் பானம் மட்டும் இருக்கும் பெட்டி என்றால் தாராளமாக அணைக்கலாம். கடை மூடியதும் அணைந்து, திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தானாக ஓடும்படி ஒரு டைமர் போட்டுவிடலாம். சோடா கெடாது. ஆனால் பால், தயிர், பன்னீர், மாவு பாக்கெட், இறைச்சி இவற்றில் ஒன்று உள்ளே இருந்தாலும் அணைக்கக் கூடாது. ஐஸ்கிரீம் பெட்டியையும் தொடக்கூடாது. உருகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீமைக் குழந்தைகள்தான் சாப்பிடுகிறார்கள்.

இனி நம் ஊருக்கே உரிய தொல்லைக்கு வருகிறேன். உப்புக்காற்று.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் இருக்கும் கடைகளில் கண்டென்சரைத் திறந்தால் தூசிக்குப் பதில் வெள்ளைப் பொடி கொட்டும். செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். முதலில் தகடு குழாயை விட்டு விலகும். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் குழாயின் சூடு தகடுக்கு வராது. அப்புறம் விரலால் தொட்டாலே உதிரும். இந்த நிலைக்கு வந்த பெட்டியில் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் பலன் இல்லை, கண்டென்சரையே மாற்ற வேண்டும். பஜ்ஜிக் கடை பக்கத்தில் என்றால் எண்ணெய்ப் புகையும் உப்பும் மணலும் சேர்ந்து தார் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

கடலோரத்தில் புதுசாக வாங்குகிறவர்கள் தகடுக்குப் பூச்சு போட்ட கண்டென்சர் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும், அது நியாயமான செலவு. இருப்பதைக் காப்பாற்ற, மாதம் ஒருமுறை கரண்டை எடுத்துவிட்டு, மோட்டாரிலும் ஒயரிலும் தண்ணீர் படாமல் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிக் காயவிடுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவுவது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும், தகடும் மெலிந்துவிடும். உப்பு ஐந்து வருடத்தில் செய்யும் வேலையை ஆசிட் கொஞ்ச நாளிலேயே செய்துவிடும். தயவுசெய்து வேண்டாம்.

உப்போடு கூடவே ஈரமும் உண்டு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதை எல்லோரும் வியர்வையாக உணர்கிறோம். பெட்டி அதைக் கரண்டாக உணர்கிறது. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் உள்ளே போகும் காற்றில் இருக்கும் ஈரம் முதலில் தண்ணீராகிறது, பிரீசர் என்றால் பனியாகிறது. அப்படி ஆகும்போது அது விடும் வெப்பத்தையும் கம்ப்ரசர்தான் வெளியே தள்ள வேண்டும். அப்புறம் அந்தப் பனி சுவரில் கெட்டியாகப் படிந்து, பொருளுக்கும் குளிர் குழாய்க்கும் நடுவே போர்வையாக நிற்கும். பிரீசர் சுவரில் அரை விரல்கடைக்கு மேல் பனி ஏறிவிட்டால் உருக்கிவிட வேண்டும். கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம். குழாயில் ஓட்டை விழுந்து என்னிடம் வருகிற பிரீசர்கள் பல, கத்திக் காயம்பட்டவைதான்.

கதவு ரப்பரைச் சோதிக்கப் பத்து ரூபாய் நோட்டு போதும். ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி, மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டு வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரக்காற்று இருபத்துநாலு மணி நேரமும் உள்ளே போகிறது. நான்கு பக்கமும் செய்து பாருங்கள், குறிப்பாகக் கீல் இருக்கும் மூலை. சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி ரப்பர் சரியாகிவிடும். தயிரும் சர்க்கரைப் பாகும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இடைவெளிக்குக் காரணம். கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அந்தச் செலவைப் பில்லிலேயே திரும்ப எடுத்துவிடலாம்.

மேலே திறக்கிற பெட்டி வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் உட்காரும். மூடியைத் திறந்தாலும் கிணற்றுக்குள் இருப்பதுபோல் அங்கேயே கிடக்கும். நிற்கிற பெட்டியில் கதவைத் திறந்தால் காலில் சில்லென்று படுகிறதே, அது நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்துக் கரண்ட் நாள்கணக்கில் வராதபோது, நிறையச் சரக்கோடு திறக்காமல் வைத்திருந்த மூடிப் பெட்டிகள் மறுநாளும் கெட்டியாக நின்றதைப் பார்த்தேன். நிற்கிற கண்ணாடிப் பெட்டிகள் அன்று சாயங்காலமே கைவிட்டுவிட்டன. ஐஸ்கிரீமுக்கு எது வாங்கலாம் என்று கேட்டால் இடம் இருந்தால் மூடிப் பெட்டியைத்தான் சொல்வேன்.

சூப்பர் மார்க்கெட்டுகளில் கதவே இல்லாத திறந்த பெட்டி வைக்கிறார்கள். பால், ஜூஸ் எல்லாம் கை நீட்டி எடுக்கலாம். மேலிருந்து ஒரு காற்றுத் திரை இறங்கிக்கொண்டிருக்கும், வெளிக்காற்று அதைக் கிழித்துக்கொண்டு கலந்துவிடும். அந்த மாதிரிப் பெட்டி வெளியே தள்ள வேண்டிய வெப்பத்தில் முக்கால் பங்கு இப்படிக் கலக்கிற வெளிக்காற்றால் வருவது. கண்ணாடிக் கதவு போடுங்கள் என்றால் "கஸ்டமர் கை வைக்க யோசிப்பாங்க சார்" என்பார்கள். சரி, ராத்திரி கடை மூடியதும் இழுத்துவிட ஒரு திரையாவது போடலாமே. அதற்கும் கஸ்டமருக்கும் சம்பந்தமே இல்லை.

புதுச்சேரியில் வேறு மாதிரிப் பிரச்சினை. ஒயிட் டவுன் பக்கம் அழகழகான கஃபேக்கள், சின்ன அறை, முழுக்க ஏசி. அதற்குள் கேக் ஷோகேஸ் ஒன்று, ஐஸ்கிரீம் பெட்டி ஒன்று, கூல்டிரிங்ஸ் பெட்டி ஒன்று. எல்லாப் பெட்டியும் தன் சூட்டை அந்த அறைக்குள்ளேயே கொட்டும். ஏசி அந்தச் சூட்டை மறுபடி எடுத்துத் தெருவுக்குத் தள்ளும். பெட்டிகள் எடுக்கும் ஒவ்வொரு 3 யூனிட்டுக்கும் ஏசி சுமார் 1 யூனிட் கூடுதலாக எடுக்கிறது என்பது தோராயக் கணக்கு. ஒரே சூட்டுக்கு இரண்டு தடவை காசு. புதுசாகக் கடை போடும்போதே கம்ப்ரசரையும் கண்டென்சரையும் வெளியே வைத்து, குழாய் மட்டும் உள்ளே வரும்படி செய்துவிட்டால் இந்தச் செலவு கிடையாது. உள்ளே சத்தமும் குறையும். ஆனால் என்னைக் கூப்பிடுவது இன்டீரியர் வேலையெல்லாம் முடிந்து, சுவரில் ஓவியம் மாட்டிய பிறகு. குழாய் எங்கே விட?

கேக் ஷோகேஸில் இன்னொன்று கவனியுங்கள். கண்ணாடியில் பனித்துளி படியாமலிருக்க ஓரத்தில் சின்ன ஹீட்டர் ஓடும். குளிர்பெட்டிக்குள் ஹீட்டர்! ஏசி ஓடும் அறையில் ஈரம் குறைவாக இருக்கும்போது அது முழு நேரமும் ஓட வேண்டியதில்லை. சில பெட்டிகளில் அதற்கென்று தனி ஸ்விட்ச் இருக்கிறது. அதை யாரும் தொட்டதே கிடையாது.

முதுநகர் பக்கம் போனால் எல்லாம் பெரிய கணக்கு. அங்கே ஐஸ் இல்லாமல் மீன் இல்லை. 50 கிலோ ஐஸ் பார் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரித் தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவரக் கிலோவுக்கு 30 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும், அதை உறையவைக்க இன்னும் 80. ஆக 110. ஐம்பது கிலோவுக்கு 5,500 கிலோகலோரி. 860 கிலோகலோரி ஒரு யூனிட் என்பதால் இது ஏறக்குறைய 6.4 யூனிட் வெப்பம். அம்மோனியாவைக் கேஸாக வைத்து ஓடும் நல்ல ஐஸ் பிளான்ட் ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளும் என்று வைத்தால், பார் ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு யூனிட்டுக்கு மேல் ஆகிறது. ஐஸ் கேன்களை இறக்கி உறையவைக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இழப்பு, கலக்கும் மோட்டார், பம்ப் எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கில் ஒரு இடத்தைப் பாருங்கள். தண்ணீர் 30இல் இல்லாமல் 40இல் இருந்தால்? மொட்டைமாடியில் வெயிலில் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் மதியத் தண்ணீர் கையில் சுடும். 110 என்பது 120 ஆகிறது, அதாவது ஒவ்வொரு பாருக்கும் 9 சதவீதம் கூடுதல். டேங்குக்கு மேல் ஒரு ஓலைக் கூரை போட்டால் போதும். அல்லது விடியற்காலைத் தண்ணீரை ஊற்றுங்கள். இதற்கு இன்ஜினியர் வேண்டாம். அப்புறம் ஐஸ் கேன் வரிசைக்கு மேல் போடும் பலகை மூடிகளைப் பாருங்கள். பாதி உளுத்துப் போயிருக்கும், பாதி ஓரமாகக் கிடக்கும். கேனைத் தூக்கியதும் மூடியைத் திரும்பப் போடும் பழக்கம் ஒன்றே நிறையக் காசை மிச்சப்படுத்தும்.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஐஸுக்குத் தேவை குறையும். பிளான்ட்டில் தண்ணீரால் குளிரும் கண்டென்சர் குழாய்களில் படிந்த சுண்ணாம்பை எடுக்கவும், தொட்டியின் காப்பைச் சரிபார்க்கவும் இதைவிட நல்ல சமயம் கிடையாது. நம் பக்கத்து நிலத்தடி நீர் பல இடங்களில் கடினமானது, குழாயில் படலம் சீக்கிரம் பிடிக்கும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும் அதே நாட்களில் பிளான்ட்டுக்கும் வேலை பார்த்துவிட்டால் ஆனியில் நிம்மதி.

கோல்ட் ரூம் வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளை வெட்டிப் போடாத கம்பெனியை நான் அதிகம் பார்த்ததில்லை. கூடை தூக்குகிறவர்கள் முகத்தில் அடிக்கிறது என்பார்கள், அவர்கள் கஷ்டமும் உண்மைதான். கீறல் விழுந்து மங்கிப்போன பட்டை வழியாக எதிரே வருகிறவர் தெரியமாட்டார். புதுப் பட்டை தெளிவாக இருக்கும், யாரும் வெட்ட மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக் கொடுப்பது முதலாளியின் வேலை. உள்ளே ஓடும் பேன்களும் கணக்கில் வர வேண்டும். 100 வாட் பேன் நான்கு ஓடினால் நாளைக்கு 9.6 யூனிட். அந்த 9.6 யூனிட்டும் குளிர் அறைக்குள்ளேயே சூடாக மாறுகிறது, அதை வெளியே தள்ள மறுபடி கரண்ட். பழைய மோட்டாருக்குப் பதில் கரண்ட் குறைவாக இழுக்கும் இசி மோட்டார் போட்டால் இது பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒரு பேன் எரிந்துபோய் மாற்றும்போதாவது இதைக் கேளுங்கள்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எழுதுகிறேன் என்றால், கரண்ட் நமக்கு எங்கிருந்தோ வருவதில்லை. நெய்வேலி நம் மாவட்டம்தான். அங்கே பழுப்பு நிலக்கரி எரிந்து வரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த கிராமத்துக்காரர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். பிஸ்கட் அட்டைப்பெட்டியை எடுக்கச் சோம்பல்பட்டு வீணாகும் யூனிட்டுக்குப் பின்னால் அந்த நிலமும் இருக்கிறது.

கடைசியாக மறுபடி கேஸுக்கே வருகிறேன், இது பில்லைத் தாண்டி உயிர் விஷயம். பழைய பெட்டிகளில் ஆர்-134ஏ, பெரிய பிரீசர்களில் ஆர்-404ஏ என்ற கேஸ் இருக்கும். காற்றில் கசிந்தால் பூமியைச் சூடாக்கும் சக்தி கரியமில வாயுவைப்போல ஆர்-134ஏவுக்கு 1,430 மடங்கு, ஆர்-404ஏவுக்கு 3,900 மடங்குக்கு மேல். அதனால்தான் உலகம் இவற்றைக் குறைக்கிறது. 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலியில் ஒப்பந்தம் ஆனது, இந்தியாவும் 2021இல் ஏற்றுக்கொண்டது. இப்போது வரும் புதுப் பெட்டிகளில் நிறைய ஆர்-290. அது புரோபேன்தான். கரண்ட் குறைவாக எடுக்கும், காற்றில் கலந்தாலும் பூமிக்குப் பெரிய கெடுதல் இல்லை. எனக்குப் பிடித்த கேஸ். ஆனால் எரியும்.

ஆர்-290 பெட்டிக்குள் ஆர்-134ஏ ஏற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சமையல் சிலிண்டரிலிருந்து ஏற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். சமையல் கேஸ் புரோபேனும் பியூட்டேனும் கலந்தது, பெட்டிக்குத் தேவையான சுத்தம் அதில் கிடையாது. அழுத்தமும் பொருந்தாது. இதைவிட ஆபத்து, உள்ளே கேஸ் இருக்கும்போதே குழாயில் டார்ச் வைத்துப் பற்றவைப்பது. ஆர்-290 வேலைக்கு ஜன்னல் கதவைத் திறந்து வைத்து, கேஸை முழுக்க வெளியேற்றி, நைட்ரஜன் விட்டு, அதன் பிறகுதான் நெருப்பை எடுக்க வேண்டும். வேக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராமை எடைத் தராசில் பார்த்து ஏற்ற வேண்டும். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டத்தில் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்று இலக்கு வைத்தார்கள். எனக்கு அது மிக முக்கியமான பக்கமாகப் பட்டது. என் தொழிலில் இருக்கும் தம்பிகள் பயிற்சி எங்கே நடந்தாலும் ஒரு நாள் கூலியை விட்டாவது போய் உட்காருங்கள்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது சுலபம். உங்கள் பெட்டியின் ஸ்டிக்கரை இப்போதே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும்போது முதலில் அதை அனுப்புங்கள். ஆர்-290 என்று இருந்தால், "தராசு கொண்டு வர்றீங்களா?" என்று கேளுங்கள். எதற்குத் தராசு என்று கேட்கிறவரைக் கூப்பிட வேண்டாம்.

வோல்டேஜ் குறைவு, ஸ்டெபிலைசர் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். அது பெரிய கதை, தனியாக எழுதுகிறேன். அதற்குள் அவசரமாக ஸ்டெபிலைசர் வாங்கிவிட வேண்டாம். முதலில் பிளக் கருகியிருக்கிறதா, பெட்டிக்கென்று தனி லைன் இருக்கிறதா, இல்லை மாவு மெஷினோடு ஒரே போர்டில் தொங்குகிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.